கியர்பாக்ஸைக் கழற்றும் முன்: பிக்கப், சிறு லாரிகளில் ஆட்டோ கியர் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

காலை ஐந்தரை மணி. தங்கும்விடுதி வாசலில் வண்டியைக் கிளப்பி 'டி'யில் போடுகிறீர்கள். வழக்கமாக லேசாக முன்னுக்கு உந்தும். இன்றைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் வரை அசைவே இல்லை. அப்புறம் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், வண்டி நகர்கிறது. ஆட்கள் காத்திருக்கிறார்கள், ஏழு மணிக்குச் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை. சூடானால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடுகிறீர்கள்.

சூடானதும் சரியாகத்தான் போகும். இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடும். முதலாளியிடம் சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்ற பயத்தில் பல ஓட்டுநர்கள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் பட்டறைக்கு இழுவை வண்டியில் வந்து சேரும் கியர்பாக்ஸ்களில் பலவற்றை அந்த இரண்டு மூன்று வாரத்திலேயே காப்பாற்றியிருக்கலாம். ஓட்டுநரின் காதுக்கும் காலுக்கும்தான் கோளாறு முதலில் தெரியும். அதை எப்படிப் படிப்பது, மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது என்பதற்காக இதை எழுதுகிறேன். வண்டி வைத்திருக்கும் முதலாளிகளும் படித்தால் நல்லது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

இங்கே ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா பிக்கப்களின் ஆட்டோ வகைகளில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. சிறு லாரிகளில் கதை வேறு. இசுசுவின் 'ஸ்மூதர்' உள்ளே மேனுவல் கியர்தான். கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் இயக்குகிறது. ஃபூசோ கேன்டரில் 2010-ல் வந்த 'டியூவோனிக்' ஆறு கியர், இரட்டைக் கிளட்ச். கிளட்ச் பெடல் இல்லாத வண்டிக்கான 3ஏ உரிமத்தோடு வேலைக்கு வருபவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும், ஆனால் கெட்டுப்போகும் விதம் வேறு. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி முதல் வகைக்கு. லாரிகளுக்குத் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. காணொளிகளில் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பெரிய பிக்கப்கள்: ஃபோர்டு சூப்பர் டூட்டி, கம்மின்ஸ் எஞ்சின் போட்ட ராம், அலிசன் கியர்பாக்ஸ் வைத்த சில்வராடோ. அங்கே அவற்றில் பல டன் டிரெய்லர்களைக் கட்டி மலையேற்றுகிறார்கள். நம் ஊரில் மலை இல்லை. ஆனால் நின்று நின்று போகும் நெரிசல், சூடு, பலமாடி நிறுத்துமிடச் சரிவு, முழுச் சுமை எல்லாம் உண்டு. கோளாறின் தத்துவம் ஒன்றுதான். அவர்கள் சொல்லும் எண்ணெய் வகையையும் அளவையும் மட்டும் உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எண்ணெய்

ஆட்டோ கியரில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. அதுதான் அழுத்தம் கொடுத்துக் கிளட்ச் தட்டுகளைப் பிடிக்க வைக்கிறது, அதுதான் சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. அரை லிட்டர் குறைந்தால்கூட வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும், பிடி விடும்.

அளவுக்குச்சி இருக்கும் வண்டி என்றால்: பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா இடத்துக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்ப 'பி'யில் வையுங்கள். சில நிறுவனங்கள் 'என்'னில் பார்க்கச் சொல்லும், கையேட்டில் இருக்கும். நூல் உதிராத துணியால் துடைத்து, 'ஹாட்' குறிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் போல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறாக வரும். நான் பார்த்த 'எண்ணெய் சரியாகத்தான் இருக்கிறது' வண்டிகளில் பாதி, அணைத்துவிட்டுப் பார்த்தவை.

குச்சியே இல்லாத புது வண்டிகளில் அடித்தட்டில் ஒரு வழிவுத் திருகு இருக்கும். கையேடு சொல்லும் வெப்பநிலையில் எஞ்சின் ஓடும்போது அதைத் திறந்தால் எண்ணெய் மெல்லிய இழையாக வந்து நிற்க வேண்டும். நன்றாகச் சூடான வண்டியில் திறந்தால் விரிந்த எண்ணெய் அதிகமாக வெளியே போய்விடும், ஆறினபின் அளவு குறைந்திருக்கும். நாள் முழுக்க ஓடின வண்டியை மாலையில் கொண்டுவந்து உடனே பார்க்கச் சொல்வது இதனால்தான் சரியில்லை.

நிறம், மணம் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு ஆனால் தீய்ந்த மணம் இல்லை என்றால் மாற்றும் காலம். கறுப்பாக, தீய்ந்த ரொட்டி மணத்தோடு இருந்தால் உள்ளே கிளட்ச் தட்டு எரிந்துகொண்டிருக்கிறது. தேநீர்க்கடை பண்டுங் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குளிர்விப்பான் ஓட்டையாகி கூலண்ட் கலந்திருக்கிறது. கிளட்ச் தட்டின் மேலுள்ள உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கூலண்ட் கரைத்துவிடும். அன்றே இழுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரை மாற்றி, எண்ணெயைப் பலமுறை கழுவி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் ஓட்டியபின் வந்தால் நான் கைவிரித்துவிடுவேன்.

'டி'யில் போட்டால் தாமதமாகப் பிடிக்கிறது

கைப்பேசியில் நேரம் குறித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக, சாதாரண ஐடிலில், கைப்பிரேக் போட்டு, காலில் பிரேக்கை அழுத்திக்கொண்டு 'என்'னிலிருந்து 'டி'க்கு மாற்றுங்கள். வண்டி லேசாக உந்தும் உணர்வு வரும் வரை எவ்வளவு நேரம்? டொயோட்டா கையேடுகளில் இது 1.2 வினாடிக்குள் இருக்க வேண்டும், 'ஆர்' என்றால் 1.5 வினாடிக்குள். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

முன்னும் பின்னும் இரண்டுமே தாமதம் என்றால் பொது அழுத்தம் குறைவு: எண்ணெய் குறைவு, அடைத்த வடிகட்டி, தேய்ந்த பம்ப். 'டி' மட்டும் தாமதம் என்றால் முன்னோட்டக் கிளட்ச் அல்லது அதன் சீல். 'ஆர்' மட்டும் என்றால் ரிவர்ஸ் பக்கத்துக் கிளட்ச்.

காலையில் முதல் தடவை மட்டும்தானா? மறுநாள் காலை வண்டியைக் கிளப்பி 'என்'னில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அப்புறம் 'டி' போடுங்கள். உடனே பிடித்தால், இரவில் கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் அடித்தட்டுக்கு இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். அவசரம் இல்லை, கண்காணித்தால் போதும். ஒரு நிமிடம் விட்டும் தாமதம் என்றால் சீல்கள் இறுகிவிட்டன. அதற்கு எண்ணெய் மாற்றுவது தற்காலிக ஆறுதல்தான்.

எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை

ஆர்பிஎம் 2,000-லிருந்து 3,000-க்கு ஏறுகிறது, வேகம் அப்படியே இருக்கிறது. இது வழுக்கல். எல்லா அறிகுறியிலும் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன், ஏனென்றால் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் தட்டைத் தேய்க்கிறது. எண்ணெய் அளவு சரி என்று தெரியும் வரை சரக்கு ஏற்றாதீர்கள்.

மெக்கானிக்கிடம் "வழுக்குது" என்று மட்டும் சொல்லாமல் எப்போது என்று சொல்லுங்கள். வளைவில் அல்லது பிரேக் போட்டு எடுக்கும்போது மட்டும் என்றால் எண்ணெய் குறைவு. சூடான பின் மட்டும் என்றால் தேய்ந்த பம்ப் அல்லது சீல், சூட்டில் நீர்த்த எண்ணெய் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டிலிருந்து மூன்று போகும்போது மட்டும் என்றால் அந்தக் கியரின் கிளட்ச் அல்லது சோலனாய்டு (மின்சாரத்தால் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வு). எல்லாக் கியரிலும், எப்போதும் என்றால் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

ஸ்டால் சோதனை என்று ஒன்று உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரண்டு பிரேக்கும் போட்டு, 'டி'யில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து எஞ்சின் எவ்வளவு சுற்று ஏறுகிறது என்று பார்ப்பது. புத்தகம் சொல்லும் அளவைவிட 'டி'யில் மட்டும் அதிகம் ஏறினால் முன்னோட்டக் கிளட்ச் வழுக்குகிறது. 'டி', 'ஆர்' இரண்டிலும் அதிகம் என்றால் அழுத்தக் குறைவு. இரண்டிலும் குறைவு என்றால் எஞ்சினுக்கே சக்தி இல்லை, அல்லது கன்வெர்ட்டருக்குள் ஒருவழிக் கிளட்ச் போய்விட்டது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள், ஐந்து வினாடிக்கு மேல் மிதிக்காதீர்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் மேலேயும் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் முன்னால் நின்று பார்க்க யாரையும் விடாதீர்கள்.

இடித்து மாறுகிறது, அல்லது ஒரே கியரில் நிற்கிறது

இங்கேதான் அநியாயமாகக் கியர்பாக்ஸ்கள் கழற்றப்படுகின்றன.

சில வருடங்களுக்கு முன் ஏர்கான் வேலை செய்யும் ஒரு தம்பி பிக்கப் கொண்டுவந்தார். மூன்றாவது கியரிலேயே நிற்கிறது, நின்று எடுத்தால் வண்டி தவழ்கிறது, சில நேரம் பலமாக இடிக்கிறது. வேறொரு பட்டறையில் கியர்பாக்ஸ் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று பல ஆயிரம் வெள்ளி கேட்டிருந்தார்கள். "அண்ணே, வண்டி என் பெயரில், கடன் இன்னும் முடியவில்லை" என்று சொன்னபோது அவர் முகம் வாடியிருந்தது. எண்ணெய் நல்ல சிவப்பு, மணம் இல்லை. அப்படியிருக்க உள்ளே ஏன் கை வைக்க வேண்டும்? மீட்டரை எடுத்து பேட்டரியின் எதிர்முனைக்கும் கியர்பாக்ஸ் கூட்டுக்கும் நடுவே வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்து நூல் நூலாகத் தொங்கியது. புதுப் பட்டை போட்டு, முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. அந்த வண்டி அதே கியர்பாக்ஸோடு இன்னும் ஓடுகிறது.

கியர் கம்ப்யூட்டருக்குச் சரியான மின்னழுத்தம் வராவிட்டால் அது குழம்பும், அல்லது தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். ஆகவே வரிசை இதுதான். பேட்டரி நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது சாதாரண வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை வருகிறதா? ஸ்டார்ட் செய்யும்போது எர்த் பக்கம் 0.5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் கியர்பாக்ஸ் இணைப்பான்கள். மழைநீரும் கட்டுமானத்தளச் சேறும் உள்ளே போய்ப் பச்சைப் பூத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கோளாறுக் குறியீடு. மலிவான ஸ்கேனர் 'பி0700' என்று மட்டும் காட்டும். அதற்கு அர்த்தம், கியர் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் "என்னிடம் ஒரு கோளாறு இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கோளாறு என்பது கியர் கம்ப்யூட்டரோடு நேரடியாகப் பேசும் ஸ்கேனரில்தான் வரும். பி0218 என்றால் எண்ணெய் அதிகச் சூடு, பி0730 என்றால் கியர் விகிதம் தவறு, பி0741 என்றால் கன்வெர்ட்டர் பூட்டுக் கிளட்ச் (சீராக ஓடும்போது எஞ்சினையும் கியரையும் நேரடியாக இணைப்பது), பி0750-லிருந்து தொடங்குபவை சோலனாய்டு வகை. பி0700-ஐ மட்டும் காட்டிக் கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குறியீடே இல்லாமல் நின்று எடுக்கும்போது மட்டும் 'டங்' என்றால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) கையால் இருபுறமும் முறுக்குங்கள். யுனிவர்சல் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அதுதான் சத்தம். ஷாஃப்டின் சறுக்கு முனை கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் அப்படித்தான். மூன்றும் மலிவான வேலை.

அறுபது, எழுபதில் நடுக்கம்

தீவு விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில், லேசாக மிதித்துப் போகும்போது, ஓரக்கோட்டுப் புடைப்புகளின் மேல் ஓடுவதுபோல ஓரிரு வினாடி அதிர்வு. டயர் மாற்றியிருப்பார்கள், பேலன்ஸ் செய்திருப்பார்கள், இன்ஜெக்டர்கூட மாற்றியிருப்பார்கள்.

ஒரு எளிய சோதனை. நடுக்கம் வரும்போது, பின்னால் வண்டி நெருக்கமாக இல்லாத இடத்தில், ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் செய்தி போனதும் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் கோளாறு அங்கேதான். நிற்காமல் வேகத்தோடு கூடிக் குறைந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அல்லது டயர். சுமை ஏறும்போது கூடி, புகையும் வந்தால் எஞ்சின்.

பூட்டுக் கிளட்ச் நடுக்கம் என்றால் பயந்துவிடாதீர்கள். பழைய எண்ணெய், அல்லது யாரோ தவறான எண்ணெயை ஊற்றியது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. டொயோட்டா டபிள்யூஎஸ் கேட்கும் இடத்தில் டி-4 ஊற்றுவது, நிசான் மேட்டிக்-எஸ் இடத்தில் கையில் கிடைத்த 'எல்லாவற்றுக்கும் பொது' டப்பா, கியர் படிகளே இல்லாத சிவிடி வண்டிக்கான எண்ணெயையும் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) என்று நினைத்து ஊற்றுவது, எல்லாம் பார்த்திருக்கிறேன். சரியான எண்ணெயை இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பியதும் போய்விட்ட வண்டிகள் உண்டு. போகாவிட்டால் கன்வெர்ட்டர்.

எண்ணெய்ச் சூட்டு விளக்கு எரிகிறது

சூட்டைப் பிறப்பிப்பது கன்வெர்ட்டர். சுமையோடு ஊர்ந்து ஏறும்போது எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையிலும் நிறுத்துமிடச் சரிவிலும் வண்டியை ஆக்ஸிலரேட்டரால் தாங்கிப் பிடிப்பதைவிட எண்ணெய்க்குப் பெரிய கெடுதல் வேறில்லை. பிரேக்கால் பிடியுங்கள். 80, 90 டிகிரி சாதாரணம். 120-ஐத் தாண்டினால் எண்ணெய் வேகமாகக் கெடும். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு.

விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி 'பி'யில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்தால் குளிர்விக்கும் ஓட்டமும் நின்றுபோகும். விளக்கு அணைந்தபின் மெதுவாகப் பட்டறைக்கு. பெரும்பாலும் ரேடியேட்டர் முன்பக்கம் சேறும் சிமெண்ட் தூசும் அடைத்திருக்கும், அல்லது விசிறிக் கிளட்ச் தேய்ந்திருக்கும்.

லீவர் 'பி'யிலிருந்து வரவில்லை

வண்டி இறந்துவிட்டது என்று இழுவை வண்டியைக் கூப்பிடாதீர்கள். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லையா? சுவிட்ச் அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது, அதனால் பூட்டு விடவில்லை. பல வண்டிகளில் லீவர் பக்கத்தில் சின்ன மூடிக்குள் விடுவிக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தி எடுக்கலாம். ஆனால் பிரேக் விளக்கு இல்லாமல் சாலையில் போகாதீர்கள்.

ஸ்மூதர், டியூவோனிக் லாரிகள்

இவற்றில் வழுக்கல் என்றால் கிளட்ச் தேய்மானம், அல்லது கிளட்சை இயக்கும் பொறி. கியர் எண் மின்னுவது, 'என்'னுக்குத் தானாகப் போவது எல்லாம் பெரும்பாலும் சென்சார், வயரிங், மின்னழுத்தம். மேலே சொன்ன எர்த் சோதனை இங்கே இன்னும் முக்கியம். கிளட்ச் அல்லது இயக்குபொறி மாற்றியபின் ஸ்கேனரால் கம்ப்யூட்டருக்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, புதுக் கிளட்சும் சரியில்லை என்று திரும்பக் கழற்றியவர்கள் உண்டு.

எண்ணெய் மாற்றலாமா, வேண்டாமா

"வாழ்நாள் எண்ணெய்" என்று சொல்வதை நம் வேலை வண்டிகளுக்கு நான் ஏற்பதில்லை. கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கான அட்டவணை இருந்தால் அதுதான் உங்களுக்கு. சரக்கு வண்டிக்குப் பத்து வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனை வருகிறதல்லவா, அந்தத் தேதியையே எண்ணெய் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் தேறியதால் கியர்பாக்ஸ் உள்ளே நலம் என்று நினைக்க வேண்டாம்.

பல வருடம் மாற்றாத வண்டி என்றால் அடித்தட்டைக் கழற்றச் சொல்லி, காந்தத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய படிவு இயல்பு. பளபளக்கும் துணுக்கு, பித்தளைத் துகள், கறுப்பு மணல் இருந்தால் எண்ணெய்க்குச் செலவு செய்யாதீர்கள், பிரிக்கும் செலவுக்குத் தயாராகுங்கள். நல்லதாக இருந்தால் வடிகட்டி மாற்றி, ஒவ்வொரு முறையும் வடிவதை மட்டும் நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்வது என் வழக்கம்.

வழியில் நின்றுவிட்டால்

விரைவுச்சாலையில் நின்றால் ஆபத்து விளக்கைப் போட்டுத் தடுப்புக்கு வெளியே ஒதுங்குங்கள். பின்னால் இருக்கும் ஆட்களையும் இறக்கி அங்கேயே நிற்க வையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்து நிறுத்துமிடம் வரை கட்டணமில்லாமல் இழுத்துவிடும். அங்கிருந்து பட்டறைக்கு நீங்கள் கூப்பிடும் இழுவை வண்டிக்காரரிடம் "பின்சக்கர ஓட்டம், ஆட்டோ கியர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால், எஞ்சின் ஓடாததால் பம்ப் சுற்றாது, உள்ளே எண்ணெய் ஏறாமல் கியர்பாக்ஸ் வறண்டு தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டி வர வேண்டும். கிடைக்காவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். சில திருகுகள்தான், பெரிய வேலை இல்லை.